எலுமிச்சைக்கு நான் ஊற்றிய தண்ணீர்

எங்கள் கொல்லையில் நின்ற எலுமிச்சை மரம் அந்த மார்கழியில் மஞ்சளானதற்கு விசாரணையே நடக்கவில்லை, நேராகத் தீர்ப்புதான். குற்றவாளி என் அக்கா. எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

மரம் அவளுடையது. விதை போட்டது, வேலி கட்டியது, ஆட்டின் வாயிலிருந்து மீட்டது எல்லாம் அவள்தான். நான் அதற்குச் செய்த ஒரே சேவை, அவசரத்துக்கு அதன் மறைவில் ஒதுங்கியது. நியாயமாகப் பார்த்தால் சந்தேகம் என் மேல்தான் விழுந்திருக்க வேண்டும். ஆனால் அக்கா அந்த ஆண்டுதான் பெரியவளாகியிருந்தாள். விலக்கான நாட்களில் எலுமிச்சையைத் தொட்டால் மரம் பட்டுவிடும் என்பது அம்மாவின் சட்டம்.

"அந்த மூணு நாள்ல மரத்துல கை வெச்சியாடி?"

"இல்லமா. ஜன்னலாண்ட நின்னு பாத்துக்கினு இருந்தேன், அவ்ளோதான்."

"பாத்தாலே போதும். மரத்துக்குத் தெரியும்."

குப்பம் சந்தைக்குப் போய்த் திரும்பிய நைனாவிடம் வழக்கு போனது. அவர் மரத்தை ஒருமுறையும் அக்காவை ஒருமுறையும் பார்த்துவிட்டு, சோறு போடச் சொன்னார். மேல்முறையீடு அத்துடன் முடிந்தது. இனி எந்த நாளானாலும் அக்கா மரத்தை நெருங்கக் கூடாது. தண்ணீர் ஊற்றுவது என் வேலை.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அக்காவுக்காக என்று எழுதத்தான் ஆசை. உண்மையில், பல் கிடுகிடுக்கும் குளிரில் விடிந்ததும் குடம் தூக்கப் போவது நானாயிற்றே என்றுதான்.

"கொய்யா மரங்கூட மஞ்சளாதான் கீது. அத யாரு பாத்தாங்க?" என்று கேட்டேன்.

"வாய மூடிக்கினு தண்ணி ஊத்துடா," என்றாள் அம்மா.

ஊற்றினேன். ஆத்திரம் தீர ஊற்றினேன். காலையில் சொன்னதற்காக, சாயங்காலம் வீம்புக்காக. மரத்தடி சேறாகி, கோழி வழுக்கி விழுந்தது. மஞ்சள் கூடியது. உதிர்ந்த இலைகளை அம்மா பொறுக்கிக்கொண்டு வந்து அக்கா முன்னால் போட்டாள். அக்கா அவற்றைக் கூட்டி அள்ளினாள்.

இப்போது திருப்பதியில் என் வீட்டு மாடித் தொட்டியில் ஓர் எலுமிச்சை இருக்கிறது. மார்கழி வந்தால் தவறாமல் மஞ்சளாகிறது. மண் குளிர்ந்தால் வேர் மந்தமாகிவிடும், இலைக்குச் சத்து ஏறாது, அந்த நேரத்தில் தண்ணீரையும் கொட்டினால் வேருக்கு மூச்சுத் திணறும் என்று செடி விற்றவர் பை கட்டிக்கொண்டே சொன்னார். அதாவது, அக்காவுக்கு எதிரான சாட்சியத்தை நாள் தவறாமல் குடம் குடமாகத் தயாரித்துக் கொடுத்தது இந்த ஐயாதான்.

அந்த ஆண்டு மாசியில் வெயில் ஏறியதும் கொல்லை மரம் தானாகத் துளிர்விட்டுப் பச்சையானது.

"பாத்தியா, இவ தள்ளி நின்னா, மரம் பொழச்சிக்கிச்சி," என்று அம்மா வெற்றியை அறிவித்தாள். பிறகு மனம் இளகி, ஊறுகாய்க்குக் காய் பறிக்க அக்காவையே கூப்பிட்டாள்.

அக்கா கொல்லைப் படியைத் தாண்டவில்லை. கூடையை என் கையில் கொடுத்தாள்.

"நீயே பறிச்சிக்கினு வாடா."

"உன் மரந்தான? நீ போ."

"என் மரம் இல்ல."

அவளுக்கு வேலை செய்ய உடம்பு வணங்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றியது. முள் கிழித்த கையைக் காட்டி, அம்மாவிடம் அப்படியே போட்டுக்கொடுத்தேன்.