சந்து முனைக் கல்லில் என்ன எழுதியிருந்தது

மயிலாப்பூரில் எங்கள் சந்து முனையில், டிரான்ஸ்பார்மருக்கு அடியில் ஒரு கல் சாய்ந்து கிடந்தது. முகமெல்லாம் பழைய எழுத்து. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். ஆனாலும் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் சாகக் கூடாது என்று எனக்கு ஒரு வீம்பு. ஆண்பிள்ளைகளுக்கோ அது மூத்திரம் அடிக்கும் இடம். த்தூ.

நூலகத்துக்குப் போய்க் கல்வெட்டுப் புத்தகம் கேட்டேன். மேசைக்காரர் நிமிராமலே, "பேப்பர் படிக்கிற ரூம் அந்தாண்ட கீது ஆயா" என்றார். நான் நகரவில்லை. மத்தியானம் வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். தொல்லை விட்டால் போதுமென்று, கோபாலபுரத்தில் ஞாயிறுதோறும் கல்வெட்டு படிக்கப் பழகும் கூட்டத்துக்கு வழி சொன்னார்.

போனேன். படித்தவர்கள், நாற்காலி போட்டுக் காபி கொடுத்தார்கள். அடுத்த ஞாயிறு வந்து கல்லைப் படிக்கிறோம் என்றார்கள். அந்த ஞாயிறு மழை. அதற்கடுத்தது யாருக்கோ கல்யாணம்.

வருகிறவர்களை அந்த நாற்றத்தில் எப்படி நிற்க வைப்பது? கல்லைத் தேய்த்துக் கழுவி, மஞ்சள் பூசி, பெரிதாகக் குங்குமம் வைத்தேன். சாமி என்றால்தானே நம் ஆட்களுக்கு ஜிப்பில் கை வைக்கக் கூசும். அன்றோடு மூத்திரம் நின்றது. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

பத்தே நாளில் எண்ணெய் ஊற்ற ஆரம்பித்துவிட்டார்கள். கற்பூரக் கரி, அழுகின வாழைப்பழம், அதில் மொய்க்கும் ஈ. எழுத்துப் பள்ளமெல்லாம் கறுப்புப் பிசுக்கு.

கல்வெட்டுக் கூட்டத்திலிருந்து தலைவியம்மாளோடு சேர்த்து மூன்று பேர் ஒருவழியாக வந்தார்கள். தலைவியம்மாள் துணியால் துடைக்கக் குனிந்ததும், மீன் விற்கும் எதிர்வீட்டுக்காரி பாய்ந்து வந்தாள்.

"இன்னாம்மா, செருப்புக் காலோட அம்மன் மேல கை வெக்கிற?"

"அடியே, அது அம்மன் இல்லடி. பொட்டு வெச்சதே நான்தான்" என்றேன்.

"வாயக் கழுவு ஆயா. உன் கையால வெக்க வெச்சதே அவதான்."

சுற்றி நின்றவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். தலைவியம்மாள் துணியை மடித்துப் பையில் வைத்தாள். "பக்தி விஷயம்மா, நாங்க கெளம்பறோம்" என்றாள். என்னைக் கல்லோடு நிற்க வைத்து ஆளுக்கொரு படம் எடுத்துக்கொண்டார்கள். ஒரு வரி படிக்கவில்லை. எனக்கு அருவருப்பாக இருந்தது. அவர்களை நினைத்தா, என்னை நினைத்தா, பிரித்துச் சொல்ல முடியாது.

இப்போது கல்லைச் சுற்றி டைல்ஸ் ஒட்டி, முகத்துக்கு வெள்ளிக் கவசமும் மாட்டியாகிவிட்டது. போன வெள்ளிக்கிழமை எனக்கு முதல் மரியாதை என்று மேளத்தோடு மாலை கொண்டுவந்தார்கள். கதவைச் சாத்தித் தாழ் போட்டேன். "படிச்சுக் காட்டுறவன் வந்தா தட்டுங்கடா, மாலைக்கெல்லாம் தொறக்க மாட்டேன்" என்று உள்ளேயிருந்தே சொன்னேன்.