வெறும் பையைத் திருப்பித் தரக்கூடாது

"ஏனுங்க, நீங்க எங்கிட்டப் பேசறதில்லீங்க, செய்தி சொல்றீங்க. இப்படியே இருந்தா நான் வெள்ளகோவில்ல மக ஊட்டுலயே இருந்துக்கறேன்" என்றாள் மனைவி.

மறுக்க முடியவில்லை. நாளிதழில் செய்தி திருத்தி ஓய்வு பெற்றவன் நான். யார், எங்கே, எப்போது என்பதெல்லாம் எங்கள் வீட்டில் தெளிவாகப் பேசப்பட்டன. எனக்கு என்ன தோன்றியது என்பது மட்டும் இடப் பற்றாக்குறையால் விடுபட்டு வந்தது.

இதற்காக நான் தேடிப் போன மனநல ஆலோசகர், கணபதி பகுதியில் ஒரு லேத் பட்டறையின் மாடியில் இருந்தார். என் மகள் வயதுதான் இருக்கும். அறிவுரை கிடையாது என்றார். வெளியே மனிதர்களிடம் பழகுவதுபோலத்தான் இங்கே அவரிடமும் பழகுவேனாம். அதை இருவரும் சேர்ந்து கவனிப்போம். மனதில் பட்டதை நேருக்கு நேர் சொன்ன பிறகும் உறவு உடையாது என்பதை நான் அனுபவித்து அறிய வேண்டும், அதுதான் குறிக்கோள். கீழே லேத் ஓடியதால் இந்த நுட்பமான விஷயத்தைக் கத்திச் சொன்னார்.

நான் பழக்கப்படி கேள்வி கேட்டேன். நேரம் முடிந்தபோது அவர் பெரியநாயக்கன்பாளையத்தில் வளர்ந்ததும், அப்பாவின் மோட்டார் பட்டறை மூடப்பட்ட காரணமும் எனக்குத் தெரிந்திருந்தன. என்னைப் பற்றி அவருக்குத் தெரிந்தது என் ரத்த அழுத்தம்.

"ஒருத்தரப் பாக்க வெறுங்கையோட போவாங்களா?" என்று அடுத்த வாரம் மனைவி ஒரு பை முருங்கைக்காய் கொடுத்தனுப்பினாள்.

"இதைக் கொடுக்கறப்ப என்ன தோணுதுங்க?" என்றார் ஆலோசகர்.

"கொழம்புக்கு நல்லா இருக்கும்னு தோணுதுங்க."

படிப்பின்படி அவர் அதை வாங்கியிருக்கக் கூடாது. ஆனால் அவரும் இந்த ஊர்க்காரர். வாங்கியதோடு, வெறும் பையைத் திருப்பித் தர மனமின்றி எலுமிச்சம்பழம் போட்டுக் கொடுத்தார். மனைவி அதை ஊறுகாயாக்கி அனுப்பினாள். ஆலோசகர் என் மனைவியின் மூட்டுவலியை விசாரித்து, பையில் ஒரு தைலம் வைத்தார். காரம் போதுமா, வலி குறைந்ததா என்று இருபுறமும் பிழையின்றிச் சேர்த்தேன். பார்த்தே இராத இருவரும் நெருங்கிவிட்டார்கள்.

ஒருநாள் ஆலோசகர் பேனாவைக் கீழே வைத்தார். "வாராவாரம் இந்தப் பைதானுங்க பேசுது. நீங்க பேசக் காணோம். இப்ப எம்மேல என்ன தோணுதுங்க?"

"ஒண்ணுமில்லீங்க அம்மணி."

"கோவம்?"

"சேச்சே, உங்க மேல எதுக்குங்க?"

அப்போது மின்சாரம் போய், லேத் நின்றது. அந்த அமைதியில் என் குரல் எனக்கே கேட்டது. "நான் இங்க உக்காந்திருக்கறேன், நீங்க அவளையே விசாரிக்கறீங்க. எனக்கு ஒரு மாதிரியா இருக்குதுங்க."

அவர் முகம் மலர்ந்தது. "நெசந்தானுங்க. தப்பு என்னுதுதான். இதைச் சொன்னீங்களே, இதுக்குத்தானுங்க உக்காந்திருக்கோம்!"

வீட்டுக்கு வந்தால், மனைவி பெட்டியில் சேலைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். வெள்ளகோவில் பேருந்தின் நேரம் எனக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் வாய் திறந்தேன்.

"நீ போனா எனக்குப் பயமா இருக்கும்."

அவள் திரும்பினாள். "அந்தம்மா சொல்லிக் குடுத்தாங்களா?"

"இல்ல, நானாத்தான்."

"என்ன பயம்?"

"தெரியல."

ஒரு கேள்விக்கு அப்படி நான் பதில் சொன்னதே கிடையாது. அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"சரி, பயந்துக்கிட்டு இருங்க. ஞாயித்துக்கெழம வந்தர்றேன்."

பெட்டியிலிருந்து பாதிச் சேலைகளை எடுத்து பீரோவில் வைத்தாள்.