பத்துக்குப் பத்து போடாத டீச்சர்

ரத்தத்தைப் பார்த்தாலே கண் இருட்டிக்கொண்டு வரும் ஒருவர், நர்சிங் கல்லூரியில் பதினெட்டு வருஷமாக மருத்துவ இங்கிலீஷ் நடத்துகிறார் என்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? வீட்டுக்காரரே கிண்டல் பண்ணுவார். "ஊசியப் பாத்தா மயக்கம் போடுற ஆளு, நர்சுங்களுக்குப் பாடம் எடுக்குது!"

டீச்சர் அசர மாட்டார். "ஊசிய அவங்க போட்டுப்பாங்க. எங்க வலிக்குதுன்னு கேக்கத்தான் நான் சொல்லிக்குடுக்கறேன்" என்பார்.

வகுப்பின் நடுவில், ஆஸ்பத்திரியில் கழித்துப்போட்ட ஓர் இரும்புக் கட்டில். மேஜைமேல் ஒரு டப்பா நிறைய நோய்ச் சீட்டுகள். ஒரு சீட்டை எடுத்துப் படித்து, கைக்குள் மடக்கிக்கொண்டு கட்டிலில் ஏறினால் அவர் நோயாளி. அதன்பின் இங்கிலீஷ் தவிர வேறு பேச்சே கிடையாது. பிள்ளைகள் கேள்வி கேட்டே நோயைக் கண்டுபிடித்து, டாக்டருக்கு போனில் சொல்வதுபோல நாலே வாக்கியத்தில் சொல்லவேண்டும். யார், என்ன ஆச்சு, இப்போது எப்படி இருக்கு, என்ன வேணும். அவ்வளவுதான்.

பெரிய டாக்டர்கள் இதை "நாடகக் கிளாஸ்" என்பார்கள். டீச்சர் சிரித்து மழுப்புவார்; உள்ளே முள்ளாய்க் குத்தும்.

நாடகம் என்றால் அரைகுறை நாடகமில்லை. போன வருஷம் கட்டிலில் கிடந்தபடி, "இது நடிப்பில்ல, நிஜம்!" என்று இங்கிலீஷில் அலறினார். பிள்ளைகள் பதறி ஓடிவந்ததும் எழுந்து உட்கார்ந்து சிரித்தார். "பதட்டத்துலயும் இங்கிலீஷ் வரணும்" என்று விளக்கம் வேறு. வினையை அவரே விதைத்துக்கொண்டார்.

மார்க் விஷயத்தில் மகா கஞ்சர். பத்துக்குப் பத்து யாருக்கும் போட்டதில்லை. 'ஆமை' என்று வகுப்பே கூப்பிடும் ஒருத்திக்கு நாலைத் தாண்டியதில்லை. பட்டியலில் உள்ள கேள்விகளை ஒன்றுவிடாமல் வரிசையாகக் கேட்பாள். மணி அடிக்கும்போது பாதியில் நிற்பாள்.

அன்றைக்கு ஆமையின் முறை. டீச்சர் சீட்டெடுத்து, கட்டிலில் ஏறி, காலைப் பிடித்துக்கொண்டு முனகினார். மூன்றாவது கேள்வியில் கை காலை விட்டு நெஞ்சுக்குப் போனது.

"நெஞ்சை அழுத்துது. இது நடிப்பில்ல" என்றார் இங்கிலீஷில்.

வகுப்பே கைதட்டியது. "இந்தத் தடவ ஏமாற மாட்டோம் டீச்சர்!"

சொந்த மொழியில் கத்தத்தான் நினைத்தார். பதினெட்டு வருஷப் பழக்கம், அந்தக் கட்டிலில் வாய் இங்கிலீஷைத் தவிர வேறெதையும் தரவில்லை.

ஆமை மட்டும் கைதட்டவில்லை. வரிசைப்படி அடுத்ததைக் கேட்டாள். "வலி வேறெங்கயாவது போகுதா?"

"தாடைக்கு."

அவர் விரல்களைப் பிரித்துச் சீட்டை எடுத்தாள். கணுக்கால் சுளுக்கு. நெற்றியைத் தொட்டாள். நனைந்திருந்தது.

"வாய மூடுங்கடி! சுளுக்குக்குத் தாடை வலிக்குமா? இப்படி வேர்க்கற மாதிரி யாரால நடிக்க முடியும்?"

போட்ட போட்டில் வகுப்பு அடங்கிப்போனது. அவள் வராந்தா போனுக்கு ஓடினாள். அடுத்த கட்டடம்தான் ஆஸ்பத்திரி. அன்று அவசரப் பிரிவில் இருந்தவர் வெளிநாட்டு டாக்டர். இந்த ஊர்ப் பேச்சு ஒரு வார்த்தை தெரியாது. உயிர் ஊசலாடும் நேரத்திலும், கதவுக்கு அந்தப் பக்கம் கேட்ட வாக்கியங்களை டீச்சர் எண்ணிக்கொண்டிருந்தார். நாலு. ஒன்றும் குறையவில்லை. ஸ்ட்ரெச்சர் வந்துவிட்டது.

மூன்றாம் நாள் அந்த டாக்டர் வார்டில் எல்லார் முன்னாலும் இங்கிலீஷில் சொன்னார்: "அந்தப் பொண்ணு பேசி முடிக்கறதுக்குள்ள நான் மருந்த எடுத்து வெச்சுட்டேன். இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா உங்களக் காப்பாத்தியிருக்க முடியாது." கூட நின்ற பெரிய டாக்டர்கள் யாரும் நாடகம் என்ற பேச்சே எடுக்கவில்லை. டீச்சருக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனாலும் பழக்கம் விடுமா? ஆமையைக் கூப்பிட்டார்.

"எல்லாம் சரி. மருந்து ஏதாவது ஒத்துக்காதான்னு கேக்கலியே?"

"ஸ்ட்ரெச்சர்ல ரெண்டு தடவ கேட்டேன் டீச்சர். நீங்க கண்ண மூடிட்டீங்க. அதான் வீட்டுக்கு போன் பண்ணி சார்கிட்ட கேட்டேன்."

"ஆமா, அந்தப் பொண்ணு எங்கிட்ட கேட்டுச்சு" என்றார் பக்கத்தில் இருந்த வீட்டுக்காரர்.

டீச்சர் மார்க் நோட்டைக் கொண்டுவரச் சொன்னார். ஊசி குத்தியிருந்த கையாலேயே பேனாவைப் பிடித்து, 'பத்து' என்று எழுதினார். மயக்கம் வரவில்லை.