தேரைக் கண்டால் இடது பக்கம்

தலையில் அடிபட்டுப் பட்டாளத்திலிருந்து திரும்பிய எனக்கு, சென்னை ஆஸ்பத்திரி டாக்டரம்மா கொடுத்த முதல் மூளைப் பயிற்சி, நூறிலிருந்து ஏழேழாகக் கழிப்பது. குண்டு வெடிப்பதற்கு முன்பே எனக்கு அது வராது. சொன்னால் நம்பவேண்டுமே! எண்பத்தாறோடு நின்றேன். அவர் பாவப்பட்டு ஏதோ எழுதிக்கொண்டார்.

இரண்டாவது பயிற்சி நோட்டு. பல் தேய்த்தேன், மாத்திரை போட்டேன், அடுப்பை அணைத்தேன் என்று எல்லாவற்றையும் எழுத வேண்டும். ஒருநாள் அடுப்பை அணைத்ததாக எழுதிவிட்டு அணைக்காமல் விட்டேன்.

"ஏட்டுச் சுரைக்கா கறிக்கு ஒதவாதுன்னு சும்மாவா சொன்னாங்க?" என்றாள் என் மனைவி. அவளுக்குச் சத்துணவுக் கூடத்தில் வேலை. மறுநாளிலிருந்து, அவள் மூன்று மணிக்குத் திரும்பும்வரை வாசலில் பூட்டு. எல்லையில் துப்பாக்கியோடு நின்றவன், சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு திண்டுக்கல் பூட்டுக்குள்! எனக்கு வந்த ஆத்திரத்தில் இரண்டு டம்ளர் நசுங்கின. ஆறு மாதம் கத்திய பிறகு இறங்கிவந்தாள். ஆறு வயது மகளை ஒரு வாரம் பள்ளியிலிருந்து நான் தனியாகக் கூட்டிவந்தால் பூட்டு கிடையாது என்றாள்.

"அசையாத பொருளா பார்த்து அடையாளம் வெச்சிக்கோங்க" என்று, வழி மறக்காமலிருக்க டாக்டரம்மா சொல்லியிருந்தார். கோபுரம் சரிப்படாது. இந்த ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒன்று நிற்கும். எங்கள் தெரு முனையில் மாதக் கணக்காக அசையாமல் நின்ற கோயில் தேரைப் பிடித்தேன். 'தேரைக் கண்டால் இடது பக்கம்' என்று எழுதி அடிக்கோடும் போட்டேன். புத்திசாலி!

திங்கள், செவ்வாய் சரியாக வந்து சேர்ந்தோம். புதன்கிழமை தேர்த் திருவிழா, பள்ளி விடுமுறை. வேட்டுச் சத்தம் எனக்கு ஆகாது என்பதால் ஜன்னலைச் சாத்தி, டிவியை அலறவிட்டு, என்னை உள்ளேயே வைத்திருந்தாள் மனைவி. இழுத்த தேர் நிலைக்கு வராமல் ஒரு தெரு முன்னாலேயே நின்றுவிட்டது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை பள்ளி விட்டு வரும்போது தேர் தெரிந்தது. கம்பீரமாக இடது பக்கம் திரும்பினேன்.

"அப்பா, இது நம்ம தெரு இல்லப்பா."

"நோட்டுல இருக்குது. வாய மூடிக்கினு வா."

பாதித் தெரு போயிருப்போம். நின்ற தேரை மறுபடி இழுக்க வேட்டுப் போட்டார்கள். சாக்கடை ஓரமாக மகளைக் கீழே தள்ளி, அவள் மேல் குப்புறக் கிடந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. நோட்டில் எழுதவில்லை.

எழுந்தபோது அவள் முழங்கையில் ரத்தம். அவள் அழவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவமானத்தில் செத்துவிடலாம்போல இருந்தது. எதிரில் பூ கட்டிக்கொண்டிருந்த அம்மாளிடம் வழி கேட்டேன்.

"இன்னாபா, பக்கத்துத் தெருவுக்கு வழி கேக்கிற? குடிச்சிக்கீறியா?"

"இல்லமா. தலையில அடிபட்டிருக்குது."

வெளியாளிடம் நான் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் சரத்தைக் கீழே வைத்துவிட்டுத் தெரு முனைவரை கூடவே வந்தார்.

வீட்டு வாசலில் மனைவி முழங்கையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். எல்லாம் போச்சு என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மறைத்து என்ன ஆகப்போகிறது? தேர், திரும்பிய இடம், வேட்டு, சாக்கடை, பூக்காரம்மா கேட்ட கேள்வி என்று நடந்ததை நடந்தபடி சொன்னேன். மகள் இடையில் ஒரு வார்த்தைகூடத் திருத்தவில்லை.

"இவ்ளோவும் ஞாபகம் வெச்சிக்கினு வந்தீங்களா?" என்றாள் மனைவி.

நோட்டு என் சட்டைப் பையில்தான் இருந்தது. திறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை அவள் கதவைச் சும்மா சாத்திவிட்டு வேலைக்குப் போனாள். பூட்டும் சத்தத்துக்குக் காத்திருந்தேன், வரவில்லை. இதற்காகத்தான் ஆறு மாதம் கத்தியிருந்தேன். இப்போது பூட்டாத கதவுதான் பயமாக இருந்தது. எழுந்து போய் உள்தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு, கதவில் சாய்ந்து உட்கார்ந்து அழுதேன்.