ஏழாம் திருவிழாவின் வெற்றுக் கட்டம்

“ஆனி, இரண்டாம் வெள்ளி. திருவிழா அறிவித்தல் இன்று பின்னேரம் அச்சுக்குப் போகவேண்டும். ஏழாம் திருவிழாவில் ஒரு வீட்டாரைக் காணவில்லை.” என் நாட்குறிப்பில் இருக்கும் இந்த வரிகளின் கையெழுத்தே கோணலாக இருக்கிறது.

எங்கள் ஊர்க் கோயிலின் ஆண்டு விழாவில் ஒவ்வொரு நாளும் ஒரு திருவிழா; ஒவ்வொன்றுக்கும் செலவை ஏற்கும் உரிமையுள்ள உபயகாரர் உண்டு. ஏழாம் திருவிழா மட்டும் இரண்டு வீட்டாருக்குப் பொது. இம்முறை அறிவித்தலில் உபயகாரரின் தொலைபேசி இலக்கங்களையும் போடும்படி கோயில் சபை, அதைத் தயாரிக்கும் என்னிடம் கேட்டது. என் கணினியில் இரண்டு அட்டவணைகள் இருந்தன. ஒன்றில் திருவிழாவும் வீட்டாரின் பெயரும் வீட்டு எண்ணும். மற்றதில் வீட்டு எண்ணும் தொலைபேசியும். ஒரே வீட்டு எண் உள்ள வரிகளைத் தேடிப் பக்கத்தில் பக்கத்தில் சேர்ப்பதுதான் ஜொயின். சேர்த்தேன். எல்லாத் திருவிழாக்களும் வந்துவிட்டன என்று ஒரு படியைக் கோயில் மதிலில் ஒட்டினேன்.

மத்தியானம், ஏழாம் திருவிழாவின் இரண்டு வீட்டாரில் ஒருவரான பின்வளவு அக்கா வாசல் படலையைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

“தம்பி, எங்களைத் தூக்கினது நீயோ, உன்ரை கொம்பியூட்டரோ?”

“ஆரும் தூக்கேல்லை அக்கா. இருங்கோ, பாப்பம்.”

“இருக்க வரேல்லை. இந்த வருசம் பேர் இல்லையெண்டால், வாற வருசம் உங்களுக்கு ஏது திருவிழா எண்டு கேப்பினம். மற்ற வீட்டுக்காரர் இப்பவே சிரிக்கினம்.”

அட்டவணைகளைத் தனித்தனியே திறந்தேன். திருவிழா அட்டவணையில் அவர் வீடு இருந்தது. தொலைபேசி அட்டவணையில் இல்லை. அதில் இருந்த அவர் மகனின் இலக்கம், மகன் வெளிநாடு போனபின் வேலை செய்யவில்லை என்று, பிழையான தகவல் கிடக்கக்கூடாதென, வரியையே நான்தான் அழித்திருந்தேன். நான் போட்டது இன்னர் ஜொயின். இரண்டு பக்கமும் சோடி உள்ள வரிகளை மட்டுமே அது தரும். சோடியில்லாததைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். ஏழாம் நாளில் மற்ற வீடு இருந்ததால் குறை என் கண்ணில் படவில்லை.

திருவிழா அட்டவணையை இடப்பக்கம் வைத்து லெஃப்ற் ஜொயின் போட்டேன். இடப்பக்க வரிகள் ஒன்றும் விடுபடாது. அக்கா வீடு வந்தது, தொலைபேசிக் கட்டம் வெறுமையாக.

“நம்பர் ஏதும் தாறியளோ?”

“நம்பர் என்னத்துக்கு? திருவிழாவுக்கு நான் நேரிலை வருவன். பேர் கிடந்தால் காணும்.”

வேறு எவரும் விடுபட்டிருப்பரோ என்று இருப்புக்கொள்ளாமல், வரிவரியாக ஒப்பிட்டுவிட்டே அச்சகத்துக்கு அனுப்பினேன்.

ஏழாம் நாள் எப்போது இரண்டு வீட்டுக்கும் பாதியானது என்று பிறகு விசாரித்தேன்; தன் மாமனார் காலத்திலேயே என்கிறார் அக்கா. அதற்குப் பிறகுதான் என்கிறார்கள் மற்ற வீட்டார். எந்த ஆண்டு என்பதை என்னால் இன்னும் உறுதிப்படுத்த முடியவில்லை.