மைக்செட்காரர் பேசிய கூட்டம்

மைக்செட்காரருக்குக் கட்சி எதுவும் கிடையாது. கருத்து உண்டு, அதுவும் ஒன்றே ஒன்று. இந்த நகரம் கெட்டுப்போனது சாக்கடையாலோ குப்பையாலோ இல்லை, மேடையில் நின்று பேசியவர்களின் வாயால்தான் என்பது அது. கடைக்கு வந்தவர், போனவர், மழைக்கு ஒதுங்கியவர் என்று ஒருவரிடமும் அதைச் சொல்லாமல் விட்டதில்லை. கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன அவர் மனைவி, “உங்களுக்குப் பல்லு ஆடுறதுக்கும் அவங்கதான் காரணமா?” என்பாள். “ஆமா” என்பார், யோசிக்காமல்.

அந்தக் கருத்தைச் சொல்ல அவரைவிடத் தகுதியான ஆள் ஊரில் கிடையாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மேடைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள் பிடித்தால் கேட்கலாம், பிடிக்காவிட்டால் எழுந்து போகலாம். மேடைக்குப் பக்கத்தில், ஆம்ப்ளிஃபயரின் காலடியில் மரப்பெட்டி போட்டு உட்கார்ந்திருப்பவர் எங்கே போவது? மீசை முளைத்த நாளிலிருந்து அத்தனை கட்சித் தலைவர்களையும் முதல் வார்த்தையிலிருந்து நன்றி வணக்கம் வரை கேட்டவர் அவர் ஒருவர்தான்.

அந்தக் காலத்தில் ஒரு தலைவர் இருந்தார். கூட்டத்துக்கு முன்பு ஆளை அனுப்பி, சுற்றியுள்ள வீடுகளில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று விசாரிக்கச் சொல்வார். இருந்தால், அந்த வீட்டுப் பக்கம் பார்த்த ஒலிபெருக்கிக் குழாயை வேறு பக்கம் திருப்பிக் கட்டச் சொல்வார். எதிர்க்கட்சிக்காரரை ‘நண்பர்’ என்றுதான் குறிப்பிடுவார். அவர் போன பிறகு வந்தவர், ஒருநாள் மேடையில் எதிராளியை ‘அவன்’ என்றார். கூட்டம் ஒரு நொடி திடுக்கிட்டது. அப்புறம் சிரித்தது.

“சிரிச்சாங்க பாரு, அன்னிக்குக் கெட்டுதுய்யா ஊரு” என்பார் மைக்செட்காரர். அதற்குப் பிறகுதான் சதுக்கத்து நீரூற்றில் தண்ணீர் நின்று காலி பாட்டில் நிறைந்தது, அதற்குப் பிறகுதான் பெண்கள் பள்ளிக்கூடத்துச் சுவரில் ஆண்பிள்ளைகள் பட்டப்பகலில் ஒன்றுக்குப் போனார்கள், பஸ்ஸில் கர்ப்பிணி நிற்க, வாலிபன் உட்கார்ந்து போனைப் பார்த்தான் என்று அவர் கணக்கு. பெரியவன் மேடையிலே கூச்சத்தை விட்டால் சின்னவன் தெருவிலே விடுவான் என்பார். அவருடைய கடைக்கு இந்தப் பக்கம் இருந்த தையல்காரர் காலிசெய்துகொண்டு போய்விட்டார், அந்தப் பக்கம் இருந்த புத்தகக்கடை மதுக்கடையாகிவிட்டது. நடுவில் இவர் மட்டும் கழுத்துப் பொத்தான் வரை போட்டுக்கொண்டு, ஒயரைச் சிக்கில்லாமல் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பார்ப்பதற்கு எனக்குப் பாவமாகத்தான் இருக்கும்.

அவருக்குத் தொழிலில் இரண்டு சட்டம். அட்வான்ஸ் கையில் வாங்கிவிட்டால் அது வாக்கு, எந்தக் கட்சியானாலும் தலைகீழாக நின்றாவது கட்டிக்கொடுக்க வேண்டும். இரண்டாவது, மைக்கில் அவர் பேசக்கூடாது. “ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன், டூ, த்ரீ, ஃபோர்” என்பார், இறங்கிவிடுவார். யார் என்ன பேசினாலும் ஒலியைக் கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார்.

ஒரே மகள். நகராட்சி மருத்துவமனையில் மருந்து கொடுக்கும் வேலை. கட்டிக்கொடுத்த இடம் சரியாக வரவில்லை. புருஷன் குடிக்கவில்லை, அடிக்கவில்லை. ஆனால் பேசமாட்டான். ஒரு சின்ன விஷயத்துக்கு மாதக்கணக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருப்பான். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு அவள் வெளியே வந்து, தனியாக ஒரு வீடு எடுத்துக்கொண்டாள். மைக்செட்காரருக்கு அது ஜீரணமாகவே இல்லை. பேசாததெல்லாம் ஒரு குற்றமா, குடும்பம் என்றால் நாலும் இருக்கத்தானே செய்யும் என்பது அவர் கட்சி. ஆனாலும் மகள் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருவாள், அம்மா கையால் சாப்பிட்டுவிட்டுப் போவாள்.

அப்படி வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, தட்டில் கை வைத்தபடியே, வேலையை விட்டுவிட்டு வார்டு தேர்தலில் சுயேச்சையாக நிற்கப் போவதாகச் சொன்னாள். ராத்திரி மருத்துவப் பிரிவை மூடிவிட்டார்களாம், ஜுரம் வந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாய்மார்கள் பூட்டிய கதவைத் தட்டிவிட்டுப் போகிறார்களாம், கேட்க ஆள் இல்லையாம்.

“ஒரு புருஷனோட குடும்பம் நடத்தத் தெரியல, வார்டை நடத்தப் போறியா நீ?” என்றார் அப்பா.

மகள் மிச்சத்தைச் சாப்பிட்டாள், தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள், அம்மாவிடம் சொல்லிக்கொண்டு போனாள். அடுத்த ஞாயிறும் வந்தாள், அதற்கடுத்த ஞாயிறும் வந்தாள். அதுதான் பெண்பிள்ளை.

பிறகுதான் அந்தக் கூட்டம் நடந்தது. மூன்று தடவை ஜெயித்து, நாலாவது தடவையும் நிற்கிற தலைவர் பேச வந்தார். மைக்செட் நம்மவருடையதுதான். தலைவர் தண்ணீர் குடித்தார், தொண்டையைச் செருமினார், சுயேச்சையாக நிற்கும் பெண்ணைப் பற்றி ஆரம்பித்தார். “புருஷனோட குடும்பம் நடத்தத் தெரியாதவ, வார்டை நடத்தப் போறாளாம்” என்றார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. மரப்பெட்டியில் உட்கார்ந்திருந்தவருக்கு உடம்பு ஜில்லிட்டுப் போனது. அவள் தன் மகள் என்பதற்காக மட்டுமல்ல. அது அவருடைய வாக்கியம். அவருடைய அடுப்படியில் பிறந்தது, அவருடைய குழாய் வழியாகவே ஊருக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.

அதற்கப்புறம் மகள் வருவதை நிறுத்தினாள். போனையும் எடுக்கவில்லை. போதாக்குறைக்கு, அதே தலைவரின் கடைசிக் கூட்டம் அவள் தெருமுனையிலேயே என்று முடிவாகி, அதற்கான அட்வான்ஸையும் முன்கூட்டியே வாங்கியிருந்தார் இவர். நேரில் சொல்லிவிடலாம் என்று அவள் வீட்டுப் படியேறினார். மகள் கதவைப் பாதி திறந்தாள்.

“ஞாயித்துக்கிழமை கூட்டத்துக்கும் நீங்கதான் கட்டுறீங்களாப்பா?”

“வாக்குக் கொடுத்துட்டேன்மா.”

அவள் மெதுவாகக் கதவைச் சாத்தினாள். ஓங்கி அறைந்து சாத்தியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

வீட்டில் மனைவி பிடித்துக்கொண்டாள். “அந்தக் காசைத் திருப்பி மூஞ்சில எறிஞ்சிட்டு வாங்க.”

“ஊர்ல எவனும் சொன்ன சொல்லுல நிக்கிறதில்லன்னு பேசிட்டு, நானே பின்வாங்குறதா?”

“அப்ப அவளுக்குக் கொடுத்த வாக்கு?”

“அவளுக்கு நான் என்ன வாக்குக் கொடுத்தேன்?”

“பெத்தீங்கல்ல” என்றாள் மனைவி, விளக்கை அணைத்துவிட்டுத் திரும்பிப் படுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வேனில் சாமான் ஏறியது. வேன் ஓட்டுவது மனைவியின் தம்பி. தூக்குகிற வேலை என்றால் அவனுக்கு இடுப்பு வலிக்கும், சாப்பாடு என்றால் சரியாகிவிடும். மகள் வீட்டுக்கு எதிரே ஒரு விளக்குக் கம்பம். அதில் ஒரு குழாய் கட்டியாக வேண்டும்.

“மாமா, இந்தக் கம்பத்தை விட்டுடலாமே” என்றான் மச்சினன்.

“விட்டா இந்த வரிசைக்குக் கேக்காதுடா.”

“அதுக்குத்தான் சொல்றேன்.”

அவர் ஏணியில் ஏறினார். முதலில் குழாயை வீட்டுக்கு எதிர்ப்பக்கமாகத் திருப்பிக் கட்டினார். இறங்கி வந்து, மூடியிருந்த ஜன்னலையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். மறுபடியும் ஏறி, ஜன்னலைப் பார்க்கத் திருப்பிக் கட்டினார். மச்சினனுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

நாற்காலிகள் நிறைந்தன. ஏற்பாட்டாளர் தலைவரை எதிர்கொள்ளத் தெருக்கோடிக்குப் போயிருந்தார். மைக்செட்காரர் மேடையேறி மைக்கைத் தட்டினார்.

“ஹலோ, மைக் டெஸ்டிங். ஒன், டூ, த்ரீ.”

நாலு சொல்லவில்லை. மைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“நான் மைக்செட்காரன். இத்தனை வருஷத்துல இதுல எண்ணினதைத் தவிர வேற பேசினதில்ல. இன்னிக்கு ஒரு நிமிஷம், மன்னிக்கணும். இப்ப தலைவர் வருவார். எதிர்த்து நிக்கிற பொண்ணைப் பத்திச் சொல்லுவார், புருஷனோட குடும்பம் நடத்தத் தெரியாதவள்னு. போன கூட்டத்துல சிரிச்சீங்க. அது அவர் பேச்சு இல்லீங்க. அவருக்கு முன்னாடியே நான் சொல்லிட்டேன், எங்க வீட்டு அடுப்படியில, சோத்துல கை வச்சிருந்த பிள்ளையைப் பாத்து. அவ என் மக.”

நாற்காலிச் சத்தம் நின்றுவிட்டது.

“மேடையில பேசுறவங்களாலதான் ஊரு கெட்டுப்போச்சுன்னு நான் சொல்லாத ஆளு கிடையாது, நீங்களே கேட்டிருப்பீங்க. இன்னிக்கும் அதைத்தான் சொல்லுவேன். ஆனா என் வாயை நான் பாத்துக்கல. ஜுரம் வந்த பிள்ளைங்களுக்காக நிக்கப் போறேன்னு சொன்னவளை நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. தலைவர் பேசுறதைக் கேளுங்க. மைக் நல்லா வேலை செய்யும், அதுக்கு நான் பொறுப்பு. சிரிக்கிறது உங்க பொறுப்பு.”

அப்புறம் பழக்கதோஷத்தில் “ஃபோர்” என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

ஏற்பாட்டாளர் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு ஓடிவந்தார். ஆனால் அவர் பின்னாலேயே தலைவரின் காரும் வந்துவிட்டது, கண்ணாடியெல்லாம் ஏற்றி மூடியபடி. நடந்ததைத் தலைவர் காதில் போட்டுவைக்க நேரமில்லை. தலைவர் நேரே மேடையேறினார், தண்ணீர் குடித்தார், செருமினார், தன் வழக்கமான வாக்கியத்தை வழக்கமான இடத்தில் இறக்கினார். சிரிப்பு வருவதற்காக நிறுத்தினார்.

ஒன்றும் வரவில்லை. எங்கோ ஒரு குழந்தை இருமியது.

தலைவர் மைக்கைத் தட்டிப் பார்த்தார். குனிந்து, “என்னய்யா, மைக் வேலை செய்யுதா?” என்றார்.

“நல்லா வேலை செய்யுதுங்க ஐயா” என்றார் மைக்செட்காரர்.

சந்தேகம் தீராமல் தலைவர் இன்னொரு தடவை, இன்னும் சத்தமாகச் சொன்னார். முன்வரிசையில் இருந்த ஒரு அம்மாள் எழுந்து, நாற்காலியைச் சத்தமில்லாமல் ஓரமாக நகர்த்திவைத்துவிட்டுத் தன் வீட்டைப் பார்த்து நடந்தாள். பின்னாலேயே இரண்டு மூன்று பேர் போனார்கள். தலைவர் மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சாக்கடையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அந்தத் தேர்தல் முழுக்க அவர் சாக்கடையைப் பற்றிப் பேசியது அன்று ஒருநாள்தான், பரவாயில்லாமல்தான் பேசினார்.

மகள் அந்தத் தேர்தலில் தோற்றாள் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரு சாயங்காலத்தில் ஊர் திருந்திவிடும் என்று நம்புகிற ஆள் நான் இல்லை. தலைவர் நாலாவது தடவையும் ஜெயித்தார். ஆனால் பெண்களைப் பற்றிய பேச்சை அதற்கப்புறம் எடுக்கவில்லை. திருந்திவிட்டாரா, பயந்துவிட்டாரா என்று எனக்குத் தெரியாது. எதுவானாலும் சரிதான்.

கூட்டம் முடிந்ததும் ஏற்பாட்டாளர் வந்தார். “இனிமே எங்க கூட்டம் ஒண்ணுகூட உங்களுக்கு வராது, தெரியுமில்ல?”

“தெரியுங்க.”

“மத்த கட்சிக்காரங்களும் யோசிப்பாங்க.”

“யோசிக்கட்டுங்க” என்றார், ஒயரைச் சுற்றிக்கொண்டே.

இன்னும் வெளிச்சம் இருந்தது. ஒவ்வொரு கம்பமாகக் குழாயை அவிழ்த்துக்கொண்டே வந்தவர், அந்த விளக்குக் கம்பத்தைக் கடைசிக்கு ஒதுக்கியிருந்தார். ஜன்னலை நிமிர்ந்து பார்க்கத் தைரியம் வரவில்லை. கேட்டிருப்பாளா? கேட்டிருந்தாலும் என்ன, சொன்ன சொல்லை மைக் வைத்துத் திரும்ப வாங்கிவிட முடியுமா? ஊருக்கு முன்னால் சொன்னது அவளுக்கு இன்னொரு அவமானமாகவும் போயிருக்கலாமே. இத்தனையும் யோசித்துக்கொண்டு ஏணியில் ஏறி, திருகாணியைக் கழற்றினார். குழாயின் கனம் கைக்கு வந்ததும் ஏணி ஒரு பக்கமாக ஆடியது.

“மச்சான், கெட்டியாப் பிடிடா.”

ஏணி நின்றது. வேன் இருந்த திக்கில் மச்சினன் யாரிடமோ சிரித்துப் பேசுகிற சத்தம் கேட்டது. அப்படியானால் கீழே யார் என்று குனிந்து பார்த்தார். வீட்டுச் செருப்போடு, அவிழ்ந்த கூந்தலோடு, இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்து, அடிப்படியில் ஒரு காலை ஊன்றி மகள் நின்றுகொண்டிருந்தாள்.

அவருடைய இரண்டு கையும் குழாயில் இருந்ததால் கண்ணைத் துடைத்துக்கொள்ள வழியில்லை. ஏதாவது பேசிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தார்.

“பேச வேணாம்” என்றாள் மகள். “பாத்து இறங்குங்கப்பா. நான் பிடிச்சிருக்கேன்.”