சாய்ந்த மரமும் இருபத்தெட்டாம் உறுப்புரையும்

மரத்தை வெட்டிய சனிக்கிழமை அங்கே இருந்தவர்கள்: நான், அப்பா, எங்கள் தேயிலைத் தோட்டத்துச் சங்கத் தலைவர், மேல் லயத்து வரிசை வீடுகளின் பொடியன்கள், கீழ் லயத்திலிருந்து கயிறும் கோடாலியுமாக வந்த ஆட்கள். எல்லாருமாகப் பதினேழு பேர். வராதவர்கள் நிறையப் பேர். அவர்களில் ஒருவரை மட்டும் இங்கே சொல்ல வேண்டும். என் அக்காவின் கணவர், எனக்கு மச்சான். கட்டாருக்கு வேலைக்குப் போவதற்கான மெடிக்கலுக்காக அவர் முதல் நாளே கொழும்புக்குப் போயிருந்தார்.

யார் இருந்தார்கள், யார் இல்லை என்பதை முதலிலேயே எழுதி வைக்கிறேன். ஏனென்றால் பிறகு அந்த விவரம் யாருக்கும் தேவைப்படவில்லை.

லிந்துலைப் பக்கம் எங்கள் தோட்டத்துக்கு ஏறி வரும் ரோட்டில் ஒரு வளைவு இருக்கிறது. எங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூட பஸ்ஸுக்கு நிற்பது அங்கேதான். வளைவுக்கு மேலே ஓடைக்கரை. அதில் ஒரு பெரிய சவுக்கு மரம். அந்த வருஷத்து மழையில் கரை சரிந்து, வேர் பாதி வெளியே வந்து, மரம் ரோட்டின் மேல் சாய்ந்துவிட்டது. காற்றடித்தால் முறிவது போல் சத்தம் கேட்கும். தோட்டத்து ஆபீசில் சொன்னோம், ரோட்டுக்கு மேலே உள்ளது எங்கள் காணி இல்லை என்றார்கள். ரோட்டுக்குப் பொறுப்பானவர்களிடம் சொன்னோம், ரோடுதான் எங்களுடையது, மரம் இல்லை என்றார்கள். கிராம சேவகர் மேலே அறிவிக்கிறேன் என்றார். மரம் இன்னும் கொஞ்சம் சாய்ந்தது.

நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் குடியியல் படிப்பிக்கிறேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான்தான், அதனால் புத்தகத்தில் இருப்பது உண்மையாக இருக்க வேண்டும் என்ற ஆசை எனக்கு மற்றவர்களை விடக் கொஞ்சம் அதிகம். அரசியலமைப்பின் இருபத்தெட்டாம் உறுப்புரையைப் போட்டோ கொப்பி எடுத்து, வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் முன்னால் வாசித்துக் காட்டினேன். சட்டத்தை மதிப்பது, தேசிய ஒற்றுமையை வளர்ப்பது, செய்கிற தொழிலை மனச்சாட்சியோடு செய்வது, பொதுச் சொத்தைப் பாதுகாப்பது, மற்றவர்களின் உரிமையை மதிப்பது, இயற்கையைக் காப்பது. இலங்கையில் இருக்கும் ஒவ்வோர் ஆளுக்கும் இவை அடிப்படைக் கடமைகள் என்றேன். பொதுச் சொத்து என்ற இடத்தில் நிறுத்தி, அந்த வளைவையும் ரோட்டையும் சொன்னேன்.

"உரிமைன்னு ஒண்ணும் இல்லீங்களா சேர்?" என்று பின்னாலிருந்து ஒருவன் கேட்டான்.

"அது வேற அத்தியாயம்."

"அந்த அத்தியாயத்துக்கு நம்ம தோட்டத்துப் பக்கம் பஸ் இல்ல போல."

எல்லாரும் சிரித்தார்கள். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. அவர் இந்த மலையிலேயே பிறந்தவர். ஆனால் பிரஜாவுரிமைக் கடதாசி கைக்கு வந்தபோது எனக்கே மீசை முளைக்கத் தொடங்கியிருந்தது. அதுவரை அவர் எந்த நாட்டுக்காரரும் இல்லை. அவர் எழுந்து, "இத்தன காலமா இத நம்மகிட்ட யாரும் சொல்லலியேப்பா. சொன்னா செய்ய மாட்டமா?" என்றார். தலைவர் உடனே, "சரி, நாளைக்குக் காலையில எல்லாரும் வந்துருங்க" என்று முடித்துவிட்டார்.

மறுநாள் மரத்தில் கயிறு கட்டி, ரோட்டில் விழாதபடி ஓடைப் பக்கமாக இழுத்து வெட்டினோம். சரிந்த மண்ணை அள்ளி, ரோட்டோரம் தண்ணீர் ஓடும் கானைத் திறந்துவிட்டோம். அக்கா கேத்தலில் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனது. விறகுக்கு அலைகிற லயம் எங்களுடையது. ஆனாலும் ஒரு குச்சியைக்கூட யாரும் எடுக்கக் கூடாது, அது பொதுச் சொத்து என்று நான் சொல்லிவிட்டேன். துண்டு போட்ட மரத்தை ரோட்டோரம் வரிசையாக அடுக்கி வைத்தோம். அழகாக இருந்தது.

ஞாயிறு பின்னேரம் மச்சான் கொழும்பிலிருந்து வந்தார். வளைவைப் பார்த்துவிட்டு நேரே லயத்தில் எங்கள் வீட்டுக் காம்பராவுக்கு வந்து, "நான் இல்லாத நேரம் பாத்து நாட்டக் காப்பாத்திட்டீங்களா மச்சான்?" என்றார்.

"நீங்க கட்டாரப் போய்க் காப்பாத்துங்க."

"அங்க மரமே இல்லியாம். எனக்கு வேலை லேசு."

மெடிக்கல் பாஸ் என்று சொன்னார். ஏஜென்சிக்குக் கட்ட வேண்டியதையும் கட்டிவிட்டார். அதற்காக அக்காவின் தாலிக்கொடி அடகுக்கடைக்குப் போயிருந்தது, அது எல்லாருக்கும் தெரியும். இனி வழக்கு எதுவும் இல்லை என்கிற பொலிஸ் ரிப்போட் ஒன்றுதான் பாக்கி. அது வந்தால் விசா, விசா வந்தால் பயணம்.

செவ்வாய்க்கிழமை நடந்தபோது நான் அங்கே இல்லை. பள்ளிக்கூடத்தில் இருந்தேன். இருந்தவர்கள் சொன்னதைத்தான் எழுதுகிறேன்.

எங்கள் தோட்டத்தில் விடிந்ததும் பெரட்டு. அதாவது வேலைக்குப் போகிறவர்கள் பெரட்டுக் களத்தில் வந்து நிற்க வேண்டும், கங்காணி ஒவ்வொருவராகப் பேர் பதிவார், யாருக்கு எந்த மலை என்று பிரிப்பார்கள். பதியாவிட்டால் நாள் முழுக்கக் கொழுந்து பறித்தாலும் அன்றைக்குச் சம்பளம் இல்லை. பேர் பதிய ஒருவர் கடதாசியோடு நின்றால் முன்னால் போய் நிற்க வேண்டும் என்பது எங்கள் ஆட்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டிய விஷயம் இல்லை. கால் தானாகப் போகும்.

அந்த நேரத்துக்கு, அந்தக் களத்துக்கே, ஒரு ஜீப் வந்தது. காக்கி உடுப்புப் போட்ட வன அதிகாரிகள் இரண்டு பேர் இறங்கினார்கள். ஒருவர் கையில் கடதாசி. "ரோட்டு வளைவில் மரம் வெட்டிச் சுத்தம் செய்தது யார்?" என்று சிங்களத்தில் கேட்டார். கேள்வி எல்லாருக்கும் நன்றாகவே விளங்கியது. எதற்காகக் கேட்கிறார் என்றுதான் ஒருவருக்கும் யோசனை வரவில்லை.

"நாங்க தான் மாத்தயா" என்று தலைவர் முன்னால் வந்தார். கங்காணி தானாகவே வரிசை பிடித்து விட்டார். ஒவ்வொருவராகப் பேரும் அடையாள அட்டை இலக்கமும் சொன்னார்கள். வரிசையில் நின்ற ஒருவர் தன் தகப்பன் பேரையும் சேர்த்து எழுதச் சொன்னாராம், அதே பேரில் இன்னோர் ஆள் இருக்கிறாராம், மாறிவிடக் கூடாதாம். அன்றைக்கு வராத நாலைந்து பேரும் வரிசையில் சேர்ந்தார்கள். அரசாங்கம் ஏதோ கொடுக்கப் போகிறது என்று சிலர் நினைத்தார்கள். கொடுக்காவிட்டாலும் விட்டுப்போகக் கூடாது என்று சிலர்.

மச்சான் பிள்ளையை, வேலை நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு அந்த வழியாக வந்துகொண்டிருந்தார். அக்காதான் கையைப் பிடித்து இழுத்தது. "போய் நில்லுங்க. நாளைக்கு நீங்க கட்டார் போனாப் பொறகு, ஊரே செஞ்ச வேலைக்கு இவ புருசன் வரலன்னு எனக்குத்தான் சொல்லிக் காட்டுவாங்க."

"நான் இல்லவே இல்லியே புள்ள."

"மெடிக்கலுக்குத்தானே போனீங்க? குடிக்கவா போனீங்க? போய்ப் பேரக் குடுங்க."

கடைசிப் பேர் மச்சானுடையது. மொத்தம் இருபத்திரண்டு.

இடைவேளையில் ஒரு பிள்ளை ஓடிவந்து, "சேர், எங்க அப்பா பேரும் எழுதிட்டாங்க!" என்றாள். நான் சந்தோஷப்பட்டேன். என் பேர் விட்டுப்போனதே என்று ஒரு சின்ன ஏக்கம்கூட வந்தது.

அடுத்த கிழமை பொலிசிலிருந்து அழைப்பு வந்தது. அனுமதி இல்லாமல் அரச ஒதுக்குக் காணியில் மரம் வெட்டி, பொதுச் சொத்துக்கு நட்டம் உண்டாக்கியது. சந்தேக நபர்கள் இருபத்திரண்டு பேர். அந்த வரியைத் தலைவர் வீட்டு வாசலில் நின்று நான்தான் தமிழில் சொன்னேன். சொல்லி முடித்த பிறகும் எல்லாரும் என் வாயையே பார்த்தார்கள், மீதி இருக்கிறது என்பது போல.

"பாதுகாக்கணும்னுதானே நீங்க வாசிச்சீங்க?" என்று அப்பா கேட்டார். பெற்ற அப்பா, அன்றைக்கு என்னை 'நீங்க' என்றார்.

போட்டோ கொப்பியை மடித்துக்கொண்டு பொலிசுக்குப் போனேன். நான்தான் இந்த வேலையைத் தொடங்கினேன், என் பேர் பட்டியலில் இல்லை; என் மச்சான் அன்றைக்குக் கொழும்பில் இருந்தார், அவர் பேர் இருக்கிறது, மெடிக்கல் துண்டைப் பாருங்கள் என்றேன். சார்ஜன் நல்ல மனுசன். கதிரை போட்டு உட்கார வைத்தார். கடதாசியை வாங்கிப் பொறுமையாகப் படித்தார். பிறகு கடைசி வரியில் விரலை வைத்தார்.

"இயற்கையக் காக்கணும்னு இதிலேயே போட்டிருக்கே, சேர். மரம் இயற்கை இல்லையா?"

கேலிக்குச் சொன்னாரா, உண்மையாகக் கேட்டாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அந்த வரியை நானும் எத்தனையோ தடவை வாசித்திருக்கிறேன்.

"அப்ப மச்சான் பேர்?"

"அவரே சொன்ன பேர். எழுதினத வெட்ட ஏலாது, கோர்ட்ல சொல்லட்டும். உங்க பேரச் சேத்துக்கலாம், அதுக்குப் பிரச்சின இல்ல."

சேர்த்துக்கொண்டார். இருபத்துமூன்று.

வழக்கு நாளன்று கோர்ட் வாசலிலேயே பேச ஒரு சட்டத்தரணியைப் பிடித்தோம். தமிழ் ஆள்தான். நான் மறுபடியும் போட்டோ கொப்பியை எடுத்தேன். அவர் அதை வாங்கக்கூட இல்லை. "தம்பி, இதுக்கு அடுத்த உறுப்புரைய வாசிச்சீங்களா?" என்றார். வாசிக்கவில்லை. நான் கொப்பி எடுத்தது ஒரு பக்கம் மட்டும். அவர் சொன்னார்: இந்தக் கடமைகள் எதையும் எந்தக் கோர்ட்டிலும் வலியுறுத்த முடியாது என்று இருபத்தொன்பதிலேயே இருக்கிறது. செய்யாவிட்டாலும் வழக்கு இல்லை, செய்தேன் என்று சொல்லித் தப்பவும் வழி இல்லை.

"அப்ப எதுக்கு சேர் எழுதி வெச்சாங்க?" என்று தலைவர் கேட்டார்.

"நல்லதுதானே, எழுதி வெச்சாங்க" என்றார் அவர்.

பிறகு மச்சானைப் பார்த்தார். "நீங்க அங்க இல்லன்னு சொல்லலாம். துண்டு இருக்கு, வெல்லலாம். ஆனா வழக்கு விளக்கத்துக்குப் போகும், சாட்சி விசாரிப்பாங்க, தவணை மேல தவணை வரும். குற்றத்த ஏத்துக்கிட்டா இன்னைக்கே குத்தப் பணம் கட்டிட்டு வீட்டுக்குப் போகலாம். சின்ன வழக்கு. என்ன செய்யப் போறீங்க?"

கம்பெனி கொடுத்த நாளுக்குள் போகாவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள். அக்கா கோர்ட் வாசலில் பிள்ளையோடு நின்றது.

உள்ளே, கோர்ட்டில் மொழிபெயர்க்கும் முதலியார் பேர்களைக் கூப்பிட்டார். எங்கள் ஆட்கள் பெரட்டில் நிற்பது போலவே நின்றார்கள். ஒவ்வொரு பேருக்கும் "வந்திருக்கேங்க" என்று சத்தமாகச் சொன்னார்கள். குற்றத்தை ஏற்றுக்கொள்கிறீர்களா என்று கேட்டபோது அப்பா கைகளைக் கட்டிக்கொண்டு, "செஞ்சோங்க. புள்ளைங்க நிக்கிற எடங்க" என்றார். முதலியார் முதல் பாதியை மட்டும் சிங்களத்தில் சொன்னார்.

மச்சானின் முறை வந்தது. அவர் சட்டைப் பையில் மெடிக்கல் துண்டு இருந்தது எனக்குத் தெரியும். கை பை வரைக்கும் போனது. நான் மனதுக்குள், சொல்லுங்க, சொல்லுங்க என்று கத்தினேன். அவர் ஒரு தடவை திரும்பி வாசலைப் பார்த்தார். கையை இறக்கினார்.

"நானும் செஞ்சேங்க" என்றார்.

ஒரு நாட்டின் கோர்ட்டில், சத்தியம் பேச வேண்டிய கூட்டில், இல்லாத ஆள் இருந்தேன் என்கிறார், எல்லாரும் தலையசைக்கிறார்கள், பேனா எழுதுகிறது. என் பேர் அடுத்தது. நானும் செய்தேன் என்றேன். அது உண்மையாக இருந்தும், என் காதுக்கு அது மச்சான் சொன்னது போலவே கேட்டது.

அந்த மாதக் கடைசியில் பொலிஸ் ரிப்போட் வந்தது. அக்காதான் உறையைப் பிரித்தது. அக்காவுக்கு ஆங்கிலம் தெரியாது, என்னிடம் நீட்டியது. கீழே ஒரு வரி இருந்தது. பொதுச் சொத்துக்கு நட்டம் விளைவித்ததாகத் தண்டனை பெற்றவர். நான் வாசித்துவிட்டுக் கடதாசியைத் திரும்ப மடித்தேன்.

"என்ன தம்பி, வந்திருச்சில்ல? போகலாம்ல?"

"குத்தம் கட்டினா முடிஞ்சிரும்னு சொன்னாங்களேக்கா..." என்று தொடங்கினேன்.

அக்கா கத்தவில்லை, அழவில்லை. "நான்தானே கையப் புடிச்சு இழுத்தேன்" என்றது, ஏதோ வேறு யாரையோ பற்றிச் சொல்வது போல. மச்சான் பிள்ளையை இடுப்பில் மாற்றிக்கொண்டு, "விடு புள்ள, அங்க மரமே இல்லியாம்" என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை. கம்பெனி வேறு ஆளை எடுத்துக்கொண்டது. கட்டிய பணம் திரும்பாது என்று ஏஜென்சியில் முதலிலேயே கையெழுத்து வாங்கியிருந்தார்கள்.

வளைவில் பிள்ளைகள் இன்றைக்கும் பஸ்ஸுக்கு நிற்கிறார்கள். நாங்கள் அடுக்கிய மரம் சான்றுப் பொருள் என்று சீல் வைத்தபடி அங்கேயே உக்கிக் கிடக்கிறது.

இருபத்துமூன்று பேரின் குத்தம் ஒரு லட்சத்துப் பதினையாயிரம், சட்டத்தரணிக்கு முப்பத்தையாயிரம், ஏஜென்சியில் போனது ஒரு லட்சத்து எண்பதாயிரம். எல்லாம் சேர்த்து மூன்று லட்சத்து முப்பதாயிரம் ரூபாய்.